நீண்ட ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தும்: இலங்கை அறிவியற் கலைச்சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. கேள்வியும் எல்லையும்

ஆங்கிலத்தின் மிக நீண்ட சொற்களைத் தேடித் தொகுப்பதும், குறித்த சில எழுத்துகள் அமைந்த சொற்களைப் பொருளுடன் பட்டியலிடுவதும் சொல்விளையாட்டில் ஈடுபாடுடையோரின் நெடுநாள் வழக்கம். அதே நீண்ட சொற்கள் வேதிப்பொருள்களின் பெயராகவும் உடலுறுப்புகளின் பெயராகவும் வகுப்பறைக்குள் வரும்போது விளையாட்டின் எல்லையைக் கடந்துவிடுகின்றன. அவற்றைப் படித்து, எழுதி, தேர்வில் விடையளித்து, பின்னர் வேறொரு மொழியில் மீண்டும் கற்க வேண்டிய மாணவருக்கு அவை கல்வியின் வாயிலாகவோ தடையாகவோ அமைகின்றன. தமிழ் எழுத்தில் இடமில்லாத ஒலிகளைக் கொண்ட நீண்ட ஆங்கிலச் சொற்களை இலங்கைத் தமிழ் எந்த நெறியில் ஏற்றுக்கொண்டது, அந்நெறியால் பெற்றது எது, இழந்தது எது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இக்கேள்வி கொழும்பில், குறிப்பாக வெள்ளவத்தையில், கூர்மையாக எழுகிறது. 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் தன் நூலகத்துடன் இயங்கும் இப்பகுதியில், தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளையும் ஆங்கில மொழிமூலம் கற்கும் பிள்ளையும் ஒரே ஒழுங்கையில், சில வேளைகளில் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஒருவர் 'காபோவைதரேற்று' என்று படிப்பதை மற்றவர் 'கார்போஹைட்ரேட்' என்று படிக்கிறார். தமிழ்நாட்டு நூலைப் புரட்டினால் 'மாவுச்சத்து' என்ற மூன்றாவது சொல்லும் எதிர்ப்படுகிறது. இம்மூன்றையும் இணைக்கும் வழியைப் பாடநூல் தெளிவாகக் காட்டுவதில்லை.

2. நீளம் எங்கிருந்து வருகிறது

ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற மிக நீண்ட சொல்லாகப் பொதுவாகச் சுட்டப்படுவது 45 எழுத்துகள் கொண்ட 'நியூமோனோ-அல்ட்ரா-மைக்ரோஸ்கொப்பிக்-சிலிக்கோ-வொல்கானோ-கோனியோசிஸ்' என்பதாகும். மிக நுண்ணிய சிலிக்காத் தூசியை மூச்சுடன் உள்ளிழுப்பதால் உண்டாகும் நுரையீரல் நோய் என்பது அதன் பொருள். 1935இல் அமெரிக்கப் புதிர்ப் பிரியர் கழகத்தின் தலைவரான எவரெட் ஸ்மித், நீளத்திற்காகவே ஆக்கிய சொல் இது. மருத்துவர்கள் அந்நோயைச் 'சிலிக்கோசிஸ்' என்ற குறுகிய பெயராலேயே வழங்குகின்றனர். ஆயினும் அதன் அமைப்பு அறிவியற் சொற்கள் அனைத்திற்கும் பொதுவானது. நுரையீரல், அப்பால், சிறிய, பார்த்தல், சிலிக்கா, எரிமலை, தூசு, நோய்நிலை என்னும் பொருள்களைத் தரும் கிரேக்க, இலத்தீன் உறுப்புகள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. உறுப்புகளை அறிந்தவருக்கு இச்சொல் ஒரு முழு வாக்கியமாக விரிகிறது; அறியாதவருக்கோ அது வெறும் ஒலித்தொடராகவே நின்றுவிடுகிறது.

28 எழுத்துகள் கொண்ட 'அன்ரிடிஸெஸ்டாபிளிஷ்மென்ரேரியனிசம்' என்ற சொல்லும் இவ்வாறே பிரிந்து பொருள் தருகிறது. திருச்சபைக்கு அரசு அளித்துவந்த சட்டபூர்வ நிலையை நீக்கலாகாது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் சிலரின் கொள்கையை அது குறிக்கும். எதிர்ப்பு, நீக்கம், நிறுவுதல், கொள்கையாளர், கொள்கை எனும் பொருளுறுப்புகள் முன்னும் பின்னுமாக ஒட்டி நிற்பதே அதன் நீளத்திற்குக் காரணம்.

எழுத்தெண்ணிக்கையை மட்டும் கொண்டு இரு மொழிகளை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும். ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள். தமிழில் அவை உயிர்மெய்யாக ஒன்றிவிடுகின்றன. ஆங்கிலத்தில் 12 எழுத்துகளால் எழுதப்படும் கார்போஹைட்ரேட், இலங்கைத் தமிழில் 'காபோவைதரேற்று' என 7 எழுத்துகளில் அடங்குகிறது. ஆகவே மாணவரின் இடர்ப்பாடு நீளத்தினால் மட்டும் எழுவதன்று. சொல்லின் மூட்டுகள், அதாவது உறுப்பும் உறுப்பும் சேரும் இடங்கள், கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதே முதன்மையான வினா.

3. இலக்கண மரபு வகுத்த வழி

பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிமரபுக்கு இயைய மாற்றிக்கொள்வது புதிய நெறியன்று. வடசொல்லை அதன் எழுத்து நீக்கித் தமிழ் எழுத்தால் வழங்க வேண்டும் எனத் தொல்காப்பியம் எச்சவியலில் விதித்தது. பவணந்தியின் நன்னூல் அவ்விதியை விரித்து, எந்த வடவெழுத்து எதுவாகத் திரியும் என்று வகுத்தது. ஹகரம் அகரமாகவோ ககரமாகவோ திரியும் என்பதும், க்ஷகரம் இடையில் இரட்டைக் ககரமாகும் என்பதும் அவ்விதிகளுட் சில. ஹரன் அரன் ஆனதும் பக்ஷம் பக்கம் ஆனதும் அவ்வழியே. பிற்கால வழக்கில் க்ஷகரம் ட்சகரமாகவும் திரிந்து பட்சி, அட்சரம், இலட்சம் எனும் வடிவங்களைத் தந்தது. ரகர லகரங்கள் சொல்லின் முதலில் நில்லாமையால் அவற்றுக்கு முன் ஓர் உயிர் சேர்க்கப்பட்டது. வல்லெழுத்து மெய்யில் சொல் முடியாமையால் ஈற்றில் உகரம் சேர்க்கப்பட்டது.

வடசொல்லுக்கென ஏற்பட்ட இம்மரபே பின்னர் ஆங்கில அறிவியற் சொற்களுக்கும் அளவுகோலாயிற்று என்பதை அடுத்துவரும் பகுதிகள் காட்டும்.

4. கிறீனிலிருந்து கலைச்சொற்றொகுதி வரை

கலைச்சொல் என்பது ஒரு துறையில் வரையறுத்த ஒரே பொருளில் வழங்கும் சொல்லாகும். நவீன மருத்துவத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்களை முறையாக ஆக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவக் கல்வியையும் நடத்தி, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய மாணவர்களும் ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினர். 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' ஆகிய நூற்பெயர்களே அவர்கள் கையாண்ட இரு வழிகளையும் புலப்படுத்துகின்றன. உடற்கூற்றியலைக் குறிக்கும் 'அங்காதிபாதம்', தலைவனையோ தெய்வத்தையோ அடி முதல் முடி வரை வருணிக்கும் பாதாதிகேசம், முடி முதல் அடி வரை வருணிக்கும் கேசாதிபாதம் ஆகிய இலக்கிய வகைகளை நினைவூட்டுமாறு அமைந்த ஆக்கம். 'கெமிஸ்தம்' ஆங்கிலப் பெயரின் ஒலியை ஏற்றுத் தமிழ் ஈறு புனைந்த வடிவம். பொருள்பெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு என்ற இவ்விரு வழிகளுக்கிடையே தேர்ந்தெடுப்பதே அதற்குப் பிந்திய கலைச்சொல் வரலாறு முழுவதையும் இயக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி தமிழ்நாட்டிலும் வலுப்பெற்றது. 1916இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திரிய பரிபாஷைச் சங்கம் தொடங்கப்பட்டது. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு இலங்கையின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். அதன் பயனாகிய கலைச்சொல் தொகுதி 1938இல் வெளியாயிற்று. இலங்கையில் தாய்மொழிவழிக் கல்வி 1940களின் நடுப்பகுதியில் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிப் படிப்படியாக மேல் வகுப்புகளுக்குச் சென்றபோது, பாடந்தோறும் சொற்கள் தேவைப்பட்டன. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகத் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்றைய இலங்கைப் பாடநூல்களின் சொல்வளம் பெரும்பாலும் அக்காலத்து உழைப்பின் பயனே.

5. எழுத்துவாரியான ஆய்வு

ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தாகிய எச், கலைச்சொல்லின் முதலில் முற்றாக நீங்குகிறது. தமிழ்நாட்டில் ஹைட்ரஜன், ஹீலியம், ஹார்மோன், ஹீமோகுளோபின் என வழங்குவன இலங்கையில் ஐதரசன், ஈலியம், ஓமோன், ஈமோகுளோபின் ஆகின்றன. ஹகரம் உயிராகத் திரியும் என்ற நன்னூல் நெறியை இவ்வழக்கு அப்படியே தொடர்கிறது.

இருபத்துநான்காம் எழுத்தாகிய எக்ஸ், ட்சகரமாகிறது. ஆக்சிஜன் 'ஒட்சிசன்' ஆவதும் ஆக்சைடு 'ஒட்சைட்டு' ஆவதும் இதன்படியே. க்ஸகர ஒலியை, அதற்கு நெருங்கிய வடமொழிக் க்ஷகரத்துக்குப் பிற்கால வழக்கு தந்த அதே வடிவில் எழுதியிருப்பது, ஆக்கியோர் மரபை அறிந்தே செயற்பட்டனர் என்று கருத இடந்தருகிறது.

பதினெட்டாம் எழுத்தாகிய ஆர், மெய்க்கு முன் நிற்குமிடத்து ஒலிக்கப்படாமையால் எழுதப்படுவதுமில்லை: கார்பன் 'காபன்', ஆர்கான் 'ஆகன்', ஹார்மோன் 'ஓமோன்'. இலங்கையர் கேட்டுப் பழகிய பிரித்தானிய உச்சரிப்பே இங்கு அடிப்படை. எழுத்தைப் பின்பற்றாது ஒலியைப் பின்பற்றியதன் தெளிவான சான்று இது.

'ஜென்' என்னும் ஈறு பிறப்பிப்பது என்ற கிரேக்கப் பொருளுடையது. அது எல்லா இடத்தும் 'சன்' ஆகிறது. நீரைப் பிறப்பிப்பது எனும் பொருளில் ஐதரசன், அமிலத்தைப் பிறப்பிப்பது எனும் பொருளில் ஒட்சிசன், உப்பைப் பிறப்பிப்பது எனும் பொருளில் அலசன், இவற்றுடன் நைதரசன் என நான்கும் ஒரே ஈற்றுடன் ஒரு குடும்பமாக நிற்கின்றன. இந்த ஒழுங்கு போற்றத்தக்கது. ஓர் ஈற்றின் பொருளை ஒருமுறை அறிந்த மாணவர் நான்கு சொற்களையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள முடியும்.

யாவற்றினும் முதன்மையானது இருபதாம் எழுத்தாகிய ரீ, நான்காம் எழுத்தாகிய டீ என்பவற்றின் வேறுபாடு. இலங்கைத் தமிழில் 'ற்ற' என்பது நுனிநா அண்பல்லை ஒட்டிப் பிறக்கும் வல்லொலியாக, ஆங்கில ரீயின் ஒலிக்கு மிக நெருக்கமாக ஒலிக்கிறது. தமிழ்நாட்டிலோ அது பெரும்பாலும் ரகரம் கலந்து 'ற்ர' போல ஒலிப்பதால் அங்கு ரீக்கு டகரம் பயன்படுகிறது. இந்த ஒலிவேறுபாட்டை இலங்கைக் கலைச்சொல்லாளர் வேதியியலின் தேவைக்குப் பயன்படுத்தினர். ஒட்சிசன் அணு கூடிய உப்புகளைக் குறிக்கும் ஆங்கில ஈறுகள் ரீயில் முடிகின்றன. கந்தகமோ குளோரீனோ ஒட்சிசனோ மட்டும் நேரே சேர்ந்த சேர்வைகளின் ஈறு டீயில் முடிகிறது. ஆகவே சல்பேற்று, சல்பைற்று என்பவை றகரத்தையும், சல்பைட்டு, குளோரைட்டு, ஒட்சைட்டு என்பவை டகரத்தையும் பெற்றன. சல்பைற்றும் சல்பைட்டும் முற்றிலும் வேறான பொருள்கள். அவற்றைப் பிரிக்கும் ஓர் எழுத்து தேர்விலும் ஆய்வுகூடத்திலும் பிழையைத் தவிர்க்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் இவ்விரண்டும் 'சல்ஃபைட்', 'சல்ஃபைடு' என ஈற்று உகரம் ஒன்றினால் மட்டுமே வேறுபடுவதால், இலங்கை வழக்கு இவ்விடத்தில் தெளிவில் மேம்பட்டது எனலாம்.

எண்ணுப்பெயர்களைச் சேர்த்த முறையும் இத்தகையதே. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பவற்றைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டுகளை விலக்கி, ஓர், ஈர், மூ, நால் எனும் தமிழ் எண்ணடைகள் இடையில் வைக்கப்பட்டன. காபன், ஈர், ஒட்சைட்டு என்னும் மூன்றும் புணர்ந்து 'காபனீரொட்சைட்டு' ஆகின்றன. அவ்வாறே காபனோரொட்சைட்டும் கந்தக மூவொட்சைட்டும் காபன் நாற்குளோரைட்டும் அமைகின்றன. தொடக்கப் பள்ளி மாணவரும் ஈருருளியும் முக்கோணமும் அறிந்தவராதலால், அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லிலேயே காண்கிறார். வெளியிலிருந்து வந்த பொருட்பெயர் தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்துக்குள் முழுமையாக அமர்ந்துவிடுகிறது.

6. இழப்புகள்

இந்நெறியின் குறைகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, பல ஒலிகள் ஓரெழுத்தில் ஒடுங்குகின்றன. பேரியம், பொற்றாசியம், புளோரீன் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் மூன்றும் வெவ்வேறானவை. தமிழில் மூன்றும் பகரமே. மாணவர் ஆங்கில நூலுக்குச் செல்லும்போது எந்தப் பகரம் எந்த ஒலி என்பதைத் தனியே கற்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஒரே எழுத்துக்கூட்டு ஒரே வகையாகக் கையாளப்படவில்லை. ரீயும் ஆரும் இணையுமிடத்தில் இலத்திரன், நியூத்திரன் என்பன 'த்திர' என்றும், பெற்றோல், பெற்றோலியம் என்பன 'ற்ற' என்றும் எழுதப்படுகின்றன. முன்னவை தொகுதிகளின் வழியாகவும் பின்னவை மக்கள் வழக்கின் வழியாகவும் வந்தமை இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். எனினும் கற்பவருக்கு அது விதியின்மையாகவே தோன்றும்.

மூன்றாவதும் மிகப் பாரதூரமானதும் மூட்டுகள் மறைவதே. காபோ, ஐதரேற்று எனும் இரண்டும் சேருமிடத்தில் வகர உடம்படுமெய் தோன்றி 'வை' என்று ஆவதால், 'காபோவைதரேற்று' என்ற சொல்லினுள் ஐதரேற்று என்ற பெயர் உள்ளது என்பது புலப்படுவதில்லை. அமினோவமிலம் என்பதில் அமிலம் மறைவதும் இவ்வாறே. புணர்ச்சி விதிப்படி இவை குற்றமற்றவை. ஆனால் தமிழ்ப் பாடவேளையில் சொற்களைப் பிரித்தெழுதப் பழகிய மாணவரிடம், அதே பயிற்சியை விஞ்ஞான பாடவேளையில் எவரும் கேட்பதில்லை. மேலும், உப்புப் பெயர்களின் 'ஏற்று' என்ற ஈறு, ஏற்றுதல் எனும் தமிழ் வினையோடு உருவொத்திருப்பதால் மயக்கம் தருகிறது. 'காபனேற்று' என்பதில் உள்ளது ஆங்கில ஈறு; 'ஐதரசனேற்றம்', 'ஒட்சியேற்றம்' என்பவற்றில் உள்ளது தமிழ்ச் சொல். இவ்வேறுபாட்டைப் பாடநூல் விளக்காவிடின் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வார்.

நான்காவது, பாடநூலும் தெருவும் வெவ்வேறு நெறியில் செல்கின்றன. வெள்ளவத்தைக் காலி வீதியின் பெயர்ப்பலகைகளிலும் கொழும்பின் பிற தமிழ்ப் பகுதிகளிலும் 'பாமசி', 'கொமியூனிகேஷன்', 'ரெக்ஸ்ரைல்ஸ்' போன்ற வடிவங்கள் வழங்குகின்றன. 'பாமசி' என்பதில் ஆர் எழுத்து நீங்குவது பாடநூல் நெறியுடன் ஒத்துச் செல்கிறது. 'ரெக்ஸ்ரைல்ஸ்' என்பதிலோ பாடநூல் ட்சகரமாக எழுதும் எழுத்து 'க்ஸ்' எனவும், பாடநூல் ற்றகரமாக எழுதும் எழுத்து ரகரமாகவும் நிற்கின்றன. கிரந்த எழுத்தை விலக்கிய கலைச்சொல் மரபும் அதை ஏற்றுக்கொண்ட அன்றாட மரபும் ஒரே வாசகரின் கண்ணில் நாள்தோறும் எதிரெதிராக நிற்கின்றன.

7. பொருள்பெயர்த்த சொற்களின் நிலை

உயிரியலில் கலைச்சொல்லாளர் பெரும்பாலும் பொருள்பெயர்ப்பு வழியையே தேர்ந்தனர். கிரேக்க மொழியில் நூலிழை, சிறுமணி எனப் பொருள்படும் உறுப்புகளால் ஆன மைற்றோகொண்ட்ரியா என்பது 'இழைமணி' ஆயிற்று. நிறம், உடல் எனப் பொருள்படும் குரோமோசோம் 'நிறமூர்த்தம்' ஆயிற்று. ஒளியும் ஒன்றுசேர்த்தலும் கூடிய போட்டோசிந்தெசிஸ் 'ஒளித்தொகுப்பு' ஆயிற்று. தமிழ்நாட்டில் பின்னது 'ஒளிச்சேர்க்கை' என்றும், குரோமோசோம் ஒலிபெயர்ப்பாகவும் வழங்குகின்றன. இலங்கைச் சொற்கள் மூலத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துணர்ந்து ஆக்கப்பட்டவை. கிரேக்கம் அறியாத ஆங்கில மாணவருக்கு மைற்றோகொண்ட்ரியா எதையும் காட்டுவதில்லை. தமிழ் மாணவருக்கு இழைமணி அவ்வுறுப்பின் வடிவத்தையே காட்டுகிறது.

ஆயினும் பொருள்பெயர்ப்பும் ஒலிபெயர்ப்பும் ஒரே வேர்ச்சொல்லுக்கு மாறிமாறிப் பயன்படும்போது வேரின் ஒருமை சிதைகிறது. நீரைக் குறிக்கும் கிரேக்க வேர் ஐதரேற்று, ஐதரோகாபன் என்பவற்றில் ஒலியாகவும், நீர்ப்பகுப்பு என்பதில் பொருளாகவும் நிற்கிறது. இவை ஒரே வேரின் கிளைகள் என்பதைத் தமிழ் வடிவங்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது.

8. மாற்றுக் கருத்துகளின் மதிப்பீடு

இந்நிலை குறித்து மூன்று கருத்துகள் நிலவுகின்றன. ஒலிபெயர்ப்பை முற்றிலும் விலக்கி எல்லாவற்றையும் தூய தமிழாக்க வேண்டும் என்பது முதலாவது. இழைமணி போன்ற சொற்களின் வெற்றி இக்கருத்துக்குச் சான்றாகிறது. ஆனால் தனிமங்களுக்கும் அவற்றின் ஆயிரக்கணக்கான சேர்வைகளுக்கும் உலகம் முழுவதும் ஒரே பெயரிடல் முறை நிலவுகையில், அம்முறையின் ஒழுங்கை இழக்காமல் அனைத்தையும் பெயர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கிரந்த எழுத்துகளைத் தாராளமாகப் பயன்படுத்தி ஆங்கில ஒலியை உள்ளவாறே எழுத வேண்டும் என்பது இரண்டாவது. அது உச்சரிப்பில் நெருக்கத்தைத் தரும். எனினும் ற்றகர டகர வேறுபாடு, சன் ஈற்றின் ஒழுங்கு, தமிழ் எண்ணடைகள் ஆகிய உண்மையான பேறுகளைக் கைவிட நேரும்.

கலைச்சொற்களை விட்டு ஆங்கில மொழிமூலத்துக்கே மாறிவிட வேண்டும் என்பது மூன்றாவது கருத்து. கொழும்பில் இதற்கு ஆதரவு மிகுதி. 2001இல் உயர்தர விஞ்ஞானப் பாடங்களிலும் 2002இல் ஆறாம் ஆண்டிலிருந்தும் ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகிய பல்கலைக்கழகப் பாடநெறிகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுவதால் பெற்றோரின் இவ்விருப்பம் நியாயமானதே. ஆனால் ஆங்கிலத்துக்கு மாறுவதனால் மட்டும் நீண்ட சொல் விளங்கிவிடுவதில்லை. அதன் உறுப்புகள் கிரேக்கத்தவை, இலத்தீனவை; ஆங்கில மொழிமூல மாணவரும் அவற்றைப் பிரித்துக் கற்றாலன்றி மனனமே செய்கிறார். இவ்வகையில் இரு மொழிமூல மாணவரின் குறையும் ஒன்றே. தீர்வும் ஒன்றாகவே அமையலாம்.

9. முடிவு

இலங்கைத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் தற்செயலான ஒலிச்சிதைவு அன்று. நன்னூல் வரையறுத்த திரிபு நெறியையும், இலங்கைத் தமிழின் சொந்த உச்சரிப்பையும், வேதியியலின் பெயரிடல் ஒழுங்கையும் ஒருங்கிணைத்த சிந்தனையின் விளைவு. சல்பைற்றையும் சல்பைட்டையும் ஓரெழுத்தால் பிரித்துக்காட்டியதும், காபனீரொட்சைட்டில் தமிழ் எண்ணை அமர்த்தியதும் அதன் உயரிய பேறுகள். அதன் குறை சொற்களில் மட்டும் இல்லை. சொற்கள் எவ்வாறு ஆயின என்ற அறிவு ஆக்கியோருடன் நின்றுவிட்டதிலும், பாடநூல் அவற்றை முடிந்த முடிவாக மட்டுமே தருவதிலும் உள்ளது.

ஆகவே சொற்களை மீண்டும் மாற்றுவதிலும் பார்க்க அவற்றைப் பிரித்துக் காட்டுவதே முதற்பணியாகும். ஒவ்வொரு விஞ்ஞானப் பாடநூலும் புதிய நீண்ட சொல் வருமிடத்தில் அதன் தமிழ் மூட்டுகளையும், மூலமொழி உறுப்புகளையும், அவ்வுறுப்புகளின் பொருளையும் ஒரே வரியில் தருமாயின், காபோவைதரேற்றைப் படிக்கும் மாணவர் அதில் காபனையும் நீரையும் காண்பார். ஆங்கில வடிவம் எதிர்ப்படும்போதும் அதே இரண்டையும் அடையாளம் காண்பார். எழுத்துத் திரிபின் விதிகள் பத்துக்கு மேற்படா. அவற்றை ஆறாம் ஆண்டிலேயே தமிழ் ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து கற்பிக்க இயலும். இதற்குப் புதிய கலைச்சொற் குழுவோ புதிய எழுத்தோ வேண்டியதில்லை. பாடநூல் ஆக்குவோர் இதைத் தம் கடமையாகக் கொண்டால் போதும். தமிழ்மொழி மூலத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் உயர்கல்வியை முடிக்கும் தலைமுறைக்கு அது இரு மொழிகளையும் ஒருங்கே திறந்துவிடும்.